பட்டம் ஒருவருக்கு, பாரம் இருவருக்கு

(நைனார்பாளையத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து, வட்டி, வரதட்சணை என்று எத்தனையோ தலைப்புகளில் நம் மேடைகளில் பேசியாகிவிட்டது. இன்று பேச இருப்பது சற்று வித்தியாசமான தலைப்பு. திருமணத்துக்குப் பிறகு, குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிடாமல், கிடைக்கும் நேரத்தில் பல்கலைக்கழகப் படிப்பு படிக்கிறார்களே, அந்தப் படிப்பு கணவன் மனைவி உறவை என்ன செய்கிறது என்பதுதான் அந்தத் தலைப்பு.

'இதையெல்லாம் கூட்டம் போட்டுப் பேச வேண்டுமா?' என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டும் சகோதரர்களே! ஏனென்றால் இந்தப் பிரச்சனை வீட்டுக்குள் 'படிப்பு' என்ற பெயரில் வருவதில்லை. 'சாப்பாடு நேரத்துக்கு இல்லை', 'பிள்ளையைக் கவனிப்பதில்லை', 'என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை', 'முன்னே மாதிரி மதிப்பதில்லை' என்ற பெயர்களில் வருகிறது. முதலில் முணுமுணுப்பு, பிறகு பிறந்த வீட்டுக்குப் போவது, கடைசியில் ஜமாஅத்தில் பஞ்சாயத்து. அங்கே உட்காரும் பெரியவர்களும் வேரைப் பார்க்காமல், 'படிப்பை நிறுத்தம்மா, எல்லாம் சரியாகிவிடும்' என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். படிப்பு நிற்கிறது. ஆனால் உறவு சரியாகிறதா? நிறுத்தப்பட்ட படிப்பு ஒரு முள்ளாக இருவருக்கும் நடுவில் கிடந்து ஆயுள் முழுக்கக் குத்துகிறது.

ஆகவே படிப்பையும் காப்பாற்ற வேண்டும், குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டும். அதற்கு வழி உண்டா? அதைத்தான் சிந்திக்க வேண்டும்.

வீடு தேடி வந்த பல்கலைக்கழகம்

ஒரு காலத்தில் பட்டப்படிப்பு என்றால் ஊரை விட்டுப் போய் விடுதியில் தங்க வேண்டும். வசதியுள்ள ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே அது முடிந்தது. 1962-ஆம் ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் பாடம் அனுப்பும் முறையைத் தொடங்கியது. தமிழகத்தில் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதே வழியில் வந்தன. 1982-இல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1985-இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது 'இக்னோ' வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது.

இதனால் யாருக்குப் பலன்? நம்மைப் போன்ற ஊர்களுக்குத்தான். நைனார்பாளையத்திலிருந்து நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வர வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிக்கோ ஆத்தூருக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் மாவட்டம் பக்கத்தில் வந்துவிட்டதால், கைக்குழந்தை உள்ள ஒரு பெண்ணால் தினமும் பஸ் ஏறிவிட முடியுமா? கடையில் நிற்கும் ஒரு வாலிபனால் காலை பத்து மணிக்கு வகுப்பில் உட்கார முடியுமா? அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, வீட்டில் இருந்தபடியே படிப்பதுதான்.

நம் சமுதாயத்தின் நிலையையும் பாருங்கள். 2006-இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கை, 20 வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 7 விழுக்காடு என்று எடுத்துக் காட்டியது. 2007-இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. ஒதுக்கீடு என்பது திறந்து வைத்த கதவு. உள்ளே நுழையத் தகுதி வேண்டாமா? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். பத்தாம் வகுப்போடும் பிளஸ் டூவோடும் நின்று, திருமணமும் முடித்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டம் எங்கிருந்து வரும்? தொலைநிலைக் கல்வியின் வழியாகத்தான் வர முடியும். எனவே 'கல்யாணம் ஆன பிறகு எதற்குப் படிப்பு' என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

நேரக் கணக்கு

வணிகச் சகோதரர்களே! முதல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்க்காமல் யாராவது கடை போடுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் படிப்பில் சேரும்போது மட்டும் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோமே தவிர, நேரம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

நான் சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள். திறந்தநிலைக் கல்வியில் ஒரு 'கிரெடிட்' என்பது 30 மணி நேர உழைப்பு. இக்னோவின் பி.ஏ. பொதுப் பட்டத்துக்கு 132 கிரெடிட் என்று வைத்திருந்தார்கள். பெருக்கினால் 3,960 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிப்பதென்றால் நாள் தவறாமல், வெள்ளிக்கிழமை, பெருநாள் என்று விடுமுறை பார்க்காமல், ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. கெட்டிக்காரர்கள் குறைவான நேரத்தில் முடிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் உழைப்பு இதுதான்.

இந்த மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வரும்? அல்லாஹ் எல்லோருக்கும் ஒரு நாளில் 24 மணி நேரம்தான் தந்திருக்கிறான். படிப்பவரின் தூக்கத்திலிருந்து கொஞ்சம், ஓய்விலிருந்து கொஞ்சம் வரும். மீதி? கணவனுக்கோ மனைவிக்கோ உரிய நேரத்திலிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு உரிய நேரத்திலிருந்து வருகிறது. விட்டுப்போன வீட்டு வேலையை யாரோ ஒருவர் தலையில் ஏற்றிக் கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டத்தில் ஒருவர் பெயர்தான் அச்சாகும். ஆனால் அதற்கான நேரத்தை இருவரும் சேர்ந்துதான் தருகிறார்கள். அப்படித் தருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தால் மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்?

அதே இக்னோவில் மூன்று ஆண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டிப் படிக்க அனுமதி உண்டு. ஆறு ஆண்டாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். 'மூன்றே வருடத்தில் முடித்தாக வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்து வீட்டை ரணகளமாக்குவதைவிட, நான்கு, ஐந்து ஆண்டில் நிதானமாக முடிப்பது மேல் அல்லவா? இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று வீடுகள்

இனி மூன்று வீடுகளை எண்ணிப் பாருங்கள். யாருடைய வீடு என்று தேட வேண்டாம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடுகள்தான்.

முதல் வீட்டில் மனைவி படிக்கிறாள். பெண் பார்க்க வந்தபோது, 'பிள்ளை படிக்க ஆசைப்பட்டால் நாங்கள் தடுக்க மாட்டோம்' என்று மாப்பிள்ளை வீட்டார் வாய் நிறையச் சொன்னார்கள். பி.காம். சேர்ந்துவிட்டாள். சுபுஹுக்கு எழுந்தால் சமையல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல், மாமியாருக்கு மாத்திரை, துணி துவைத்தல் என்று லுஹர் வந்துவிடுகிறது. அஸருக்குப் பிறகு பிள்ளை வந்துவிடும். இஷாவுக்குப் பிறகுதான் புத்தகத்தைத் தொட முடிகிறது. அதே நேரத்தில்தான் கணவன் கடையை அடைத்துவிட்டு வருகிறான். பகல் முழுக்க வாடிக்கையாளரோடும் கடன்காரரோடும் மல்லுக்கட்டிவிட்டு வந்தவனுக்கு, மனைவியிடம் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று இருக்கிறது. அவளுக்கோ நாளை மறுநாள் ஒப்படைப்பு அனுப்ப வேண்டும். 'என்னங்க, பத்து நிமிஷம்' என்கிறாள். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிறது. அவன் திரும்பிப் படுத்துக் கொள்கிறான். இதில் கெட்டவர் யார் சொல்லுங்கள்? அவனுக்கு இருப்பது நியாயமான தேவை. அவளுக்கு இருப்பதும் நியாயமான தேவை. இரண்டு நியாயங்களும் ஒரே மணி நேரத்தில் வந்து மோதுகின்றன. மோதுவது நேரம் என்பது புரியாமல், மனிதர்கள் மோதிக் கொள்கிறார்கள்.

இரண்டாவது வீட்டில் கணவன் படிக்கிறான். பகலில் கடை, இரவில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. அவன் வகுப்புக்குப் போகும் நாளில் கடையை யார் பார்ப்பது? வயதான தகப்பனார் கல்லாவில் உட்கார்கிறார். சரக்கு வந்தால் இறக்கி வைக்க ஆள் பார்ப்பதும், வீட்டு வேலையோடு கணக்கு எழுதி வைப்பதும் மனைவி. வாரத்தில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரே நாளும் போய்விட்டது. அவன் தேர்ச்சி பெற்றதும் ஊரே அவனைப் பாராட்டுகிறது. 'கடையையும் பார்த்துக்கொண்டு படித்தான், எவ்வளவு பெரிய விஷயம்' என்கிறார்கள். மூன்று வருடம் வீட்டையும் கடையையும் தாங்கிய மனைவியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஊர் கேட்காவிட்டால் போகட்டும், கணவன் கேட்டானா? இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கணவன் படித்தால், வீடு தானாகவே அவனுக்கு ஒதுங்கி வழி விடுகிறது. 'அத்தா படிக்கிறார், சத்தம் போடாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். மனைவி படித்தால், அவள்தான் வீட்டுக்கு ஒதுங்கி வழி விட வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு நியாயம்தானா என்று ஒவ்வொருவரும் தன் மனசாட்சியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வீட்டில் கணவன் சவூதியில் இருக்கிறான். மனைவி இங்கே படிக்கிறாள். அவன் பக்கத்தில் இல்லாததால் நேரத்துக்குச் சிக்கலே இல்லை என்று நினைக்கலாம். ஆனால் சவூதியின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியது. அவன் வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு போன் செய்தால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் அமைதியான நேரமும் அதுதான். அவள் போனை எடுக்கத் தாமதித்தால் அவன் மனம் எங்கெங்கோ போகிறது. 'என்னைவிடப் படிப்பு பெரிதாகிவிட்டதா?' என்கிறான். அவன் தனிமையை அவள் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவனும், அந்தத் தனிமையை இங்கே அவளும் அனுபவிக்கிறாள், அதைப் படிப்பில் கரைக்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 'வாரத்தில் இந்தந்த நாட்களில் பேசுவோம், இந்தந்த நாட்களில் நீ படி' என்று முன்கூட்டியே பேசி வைத்தால் முடிந்துவிடும் விஷயம் இது. பேசாமல் விட்டால் கடல் கடந்து சந்தேகம் வளர்கிறது.

எதைக் கண்டு பயம்?

சகோதரர்களே, மனம் திறந்து பேசுவோம். ஆண்களில் பலருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது. 'இவள் படித்துவிட்டால் என்னை மதிக்க மாட்டாள்' என்ற பயம். நான் பத்தாவது, அவள் பட்டதாரி என்றால் ஊர் சிரிக்காதா என்ற பயம்.

இந்தப் பயம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல, தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. இங்கிலாந்தில் 1969-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கி, 1971 முதல் பாடம் நடத்தியது. வேலைக்குப் போகிறவர்களுக்காகவும் குடும்பத் தலைவிகளுக்காகவும் அதிகாலையிலும் நள்ளிரவிலும் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பானார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி வில்லி ரஸ்ஸல் என்பவர் 1980-இல் ஒரு நாடகம் எழுதினார். 'எஜுகேட்டிங் ரீட்டா' என்று பெயர். ரீட்டா சிகை அலங்காரத் தொழில் செய்கிற, திருமணமான பெண். படிப்பின் மேல் அவளுக்கு ஆசை. கணவனுக்கோ, பிள்ளை பெறாமல் இவள் ஏன் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்ற ஆத்திரம். ஒரு நாள் அவளுடைய புத்தகங்களையும் தாள்களையும் எரித்துவிடுகிறான். அந்தக் குடும்பம் பிரிந்துவிடுகிறது. அது 1983-இல் திரைப்படமாகவும் வந்தது. அந்த நாட்டு மக்கள் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகப் பார்த்தார்கள் என்றால் என்ன பொருள்? முன்னேறிவிட்டதாகச் சொல்லப்படும் நாட்டிலும் கணவனின் பயம் அப்படியே இருந்தது என்றுதானே பொருள்?

புத்தகத்தை எரிப்பது நாடகத்தில் மட்டும் நடப்பதல்ல. தேர்வு அன்று காலையில் வேண்டுமென்றே சண்டை இழுப்பது, ஹால் டிக்கெட்டை ஒளித்து வைப்பது, தேர்வு நாளில் விருந்தாளிகளை அழைத்து வருவது, 'பெரிய கலெக்டர் படிப்பு' என்று நான்கு பேர் முன்னால் நக்கல் செய்வது, இவையெல்லாம் நெருப்பில்லாமல் எரிக்கும் வேலைகள்தான். இவை அநியாயம். படிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்து மணமுடித்துவிட்டு இதைச் செய்தால் அநியாயத்தோடு வாக்கு மீறலும் சேர்கிறது. திருமணத்தின்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளை நிறைவேற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தியிருக்கிறார்கள் என்பது ஆலிம்களுக்குத் தெரியும்.

பயப்படும் சகோதரருக்கு நான் சொல்வது இதுதான். மரியாதை சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. படிக்கும் காலத்தில் ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் கொடுத்த கணவனை, தேர்வு மையத்தின் வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்த கணவனை, எந்தப் பட்டதாரிப் பெண்ணும் மறக்க மாட்டாள். பி.காம். படித்த மனைவி இருக்கிற கடையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிறு வணிகர்கள் எப்படித் தடுமாறினோம்? வீட்டிலேயே கணக்குத் தெரிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம்! அவள் படித்த பாடத்தை உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். நீங்கள் கடை அனுபவத்தைச் சொல்லுங்கள். பேச்சு வளரும். பேச்சு வளரும் வீட்டில் சந்தேகம் வளராது.

படிப்பவருக்கும் ஒரு வார்த்தை

ஒரு பக்கத்தை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. படிக்கிறவர், ஆணானாலும் பெண்ணானாலும், படிப்பைக் கேடயமாக்கிக் கொண்டு குடும்பத்தின் உரிமையைப் பறிக்கக் கூடாது.

ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) ஆகிய இரு நபித்தோழர்களின் நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அபூதர்தாவின் வீட்டுக்கு ஸல்மான் வருகிறார். அபூதர்தாவின் மனைவி தன்னைக் கவனிக்காமல், சாதாரணக் கோலத்தில் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்கிறார். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தின் மேல் நாட்டமே இல்லை என்ற கருத்தில் அந்தப் பெண்மணி பதில் சொல்கிறார். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருக்கிறார். ஸல்மான் அவரைத் தம்மோடு உண்ண வைக்கிறார். இரவில் எழப் பார்த்தபோது தூங்கச் சொல்கிறார். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுகிறார்கள். பிறகு, இறைவனுக்கும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவருக்குக் கொடு என்று அறிவுறுத்துகிறார். விஷயம் நபிகளாரிடம் போனபோது, ஸல்மான் சொன்னது சரி என்றே அவர்கள் ஏற்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! வணக்கத்தின் பெயராலேயே துணைவியின் உரிமையை மறக்கக் கூடாது என்றால், பட்டப்படிப்பின் பெயரால் மறக்கலாமா? 'நான் படிக்கிறேன்' என்ற ஒரே பதிலை மூன்று வருடம் எல்லாவற்றுக்கும் சொல்லிக் கொண்டிருக்க முடியாது. தான் கற்றதை வைத்துத் துணையை மட்டம் தட்டுவது, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசி வாயை அடைப்பது, இவையும் அநியாயத்தில் சேர்ந்தவைதான்.

கட்டணம் கட்டுமுன்

வீட்டில் பெரிய பூகம்பத்தை உண்டாக்குவது இன்னொன்று இருக்கிறது. மூன்று வருடம் இருவரும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பணமும் நேரமும் கொடுத்த பிறகு, 'இந்தப் பட்டம் செல்லாது' என்று தெரிய வந்தால் எப்படி இருக்கும்? 'அப்போதே சொன்னேனே' என்ற ஒரு சொல் போதும், வீடு இரண்டாகிவிடும்.

இது வெறும் கற்பனை அல்ல. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற எம்.ஏ. பட்டம் செல்லத்தக்கதல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய அனுமதியில்லாமல் தொலைநிலை வழியில் தரப்பட்ட பொறியியல் பட்டங்களை 2017-இல் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2014-15-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்திய படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. எச்சரிக்கை வெளியிட்டது. நம் பகுதியில் எத்தனை பேர் சிதம்பரத்தை நம்பிப் படித்தவர்கள்!

அதற்காகத் தொலைநிலைப் பட்டமே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழங்கும் தொலைநிலைப் பட்டம், நேரடியாகக் கல்லூரியில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று அதே யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே இடைத்தரகர் பேச்சை நம்ப வேண்டாம். நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் பாடத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சேர்ந்து பார்த்து முடிவெடுத்தால், பின்னால் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்ட வேண்டியிருக்காது.

ஐந்து பேச்சுகள்

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் கணவனும் மனைவியும் ஐந்து விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். வாய்ப் பேச்சு மறந்துவிடும் என்றால் கடைக் கணக்கைப் போல ஒரு நோட்டில் எழுதியே வையுங்கள்.

ஒன்று, நேரம். நாளில் எந்த இரண்டு மணி நேரம் படிப்புக்கு? எந்த நேரம் குடும்பத்துக்கு? படிப்பு நேரத்தில் மற்றவர் குறுக்கிடக் கூடாது. குடும்ப நேரத்தில் புத்தகம் குறுக்கிடக் கூடாது.

இரண்டு, வேலை. படிப்பவர் விடும் வேலையை யார் எடுப்பது? ஆண்கள் வீட்டு வேலை செய்தால் கௌரவம் குறைந்துவிடுமா? நபிகளார் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கௌரவமா நமக்கு?

மூன்று, பணம். கட்டணம் மட்டுமல்ல, தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, அரியர் விழுந்தால் மறுபடி கட்ட வேண்டிய தொகை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மனைவியின் மஹர் அவளுக்குச் சொந்தமானது. அதிலிருந்து படிப்புக்குச் செலவிட அவள் விரும்பினால் அது அவள் உரிமை. யாரும் கணக்குக் கேட்க முடியாது.

நான்கு, தேர்வு நாட்கள். இக்னோவில் ஆண்டுதோறும் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. 2016-இலும் 2017-இலும் ஜூன் மாதத்தில் ரமளான் வந்தது. 2031, 2032 ஆண்டுகளில் டிசம்பரில் வரும். ஸஹர், இஃப்தார், கடையில் பெருநாள் வியாபாரம், இவற்றோடு தேர்வும் சேர்ந்தால் என்ன செய்வது என்று முன்பே திட்டமிடுங்கள். அந்தத் தேர்வுக்குப் பாடங்களைக் குறைத்துக் கொண்டு, மீதியை அடுத்த தேர்வில் எழுதலாம்.

ஐந்து, இடைவெளி. பிரசவம், நோய், வியாபார நஷ்டம் எது வந்தாலும் படிப்பைச் சிறிது நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் பேசி வையுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லில்தான் நம் பெண்களின் படிப்பு மூழ்கிப் போகிறது.

கூட்டுக் குடும்பமாக இருந்தால் மாமியார், மாமனார், நாத்தனார் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். கணவன் அறைக்குள் அனுமதி கொடுத்துவிட்டு, கூடத்தில் தாய்க்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்தால், பழி முழுவதும் மருமகள் தலையில் விழும். 'அம்மா, அவள் படிப்பது நான் சம்மதித்த விஷயம்' என்று சொல்வது மகனின் பொறுப்பு.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

இதில் ஜமாஅத்துக்கும் கடமை இருக்கிறது. பெண்ணைப் படிக்க வைப்போம் என்ற பேச்சு இருந்தால், நிக்காஹ் நேரத்தில் இரு வீட்டார் முன்னிலையில் அதை எழுதிப் பதிவு செய்யுங்கள். மதரஸாவிலோ ஜமாஅத் கட்டடத்திலோ ஓர் அறையைப் படிப்பதற்கென்று ஒதுக்குங்கள். பெண்களுக்குத் தனி நேரம் கொடுங்கள். தேர்வு மையத்துக்குப் போகும் நான்கைந்து பெண்களுக்குச் சேர்த்து ஒரு வேன் ஏற்பாடு செய்தால் செலவும் குறையும், 'தனியாக அனுப்ப முடியாது' என்ற தடையும் நீங்கும். தேர்வு நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய்மார்கள் முறை வைத்து உதவலாம். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை, மனம்தான் தேவை.

பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியோர்களுக்குப் பணிவான வேண்டுகோள். படிப்பைக் காரணம் காட்டி ஒரு தம்பதி உங்கள் முன் வந்தால், 'நிறுத்திவிடு' என்பதை முதல் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். 'உங்கள் நாளில் எந்த நேரம் யாருக்கு?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை யாருமே அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நேரத்தைப் பிரித்துக் கொடுத்து, மூன்று மாதம் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இளைஞர்களே! உங்களில் திருமணமாகாதவர்கள் அதிகம். நாளை உங்களுக்குப் பெண் பார்க்கும்போது, படிக்க வைப்பதாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுமுன் அந்த 3,960 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொண்டு சொல்லுங்கள். சொன்னால் நிறைவேற்றுங்கள். ஏற்கெனவே மணமுடித்து, மனைவியின் புத்தகங்கள் பரண் மேல் தூசி படிந்து கிடக்கின்றன என்றால், இன்று வீட்டுக்குப் போனதும் அவற்றைக் கீழே இறக்கி வையுங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடியும் பேசுங்கள்.